காபிக் கொட்டையை நாமே வறுக்கலாமா? சிறு கடைக்காரர்களுக்கு ஒரு தொழில் பாடம்

பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் டீக்கடை, பேக்கரி, மளிகைக் கடை நடத்தும் சகோதரர்களிடம் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. "காபித்தூளை வெளியில் வாங்கி விற்கிறோம். கொட்டையை வாங்கி நாமே வறுத்து அரைத்தால் என்ன? லாபமும் கூடும், கடைக்கு ஒரு பெயரும் கிடைக்குமே" என்கிறார்கள். நல்ல கேள்வி. வறுக்கும் வாசனை தெருவுக்கு வந்தாலே பாதி விளம்பரம் முடிந்துவிடும் என்பதும் உண்மை.

ஆனால் இந்தத் தொழிலில் போடப்போகும் பணம் எப்படிப்பட்ட பணம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வளைகுடாவில் பத்து வருடம் உழைத்துச் சேர்த்ததாக இருக்கும். வீட்டுப் பெண்களின் நகையாக இருக்கும். ஏரியில் வருமானம் குறைந்ததால், பிள்ளைகளாவது கரையில் ஒரு தொழில் செய்யட்டும் என்று ஒரு குடும்பம் எடுத்து வைத்த தொகையாக இருக்கும். மெஷின் விற்பவர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பி அந்தப் பணத்தை இறக்கக் கூடாது. அதனால் இந்த இதழில் காபி வறுக்கும் தொழிலை அடி முதல் நுனி வரை ஒரு பாடமாகப் பார்ப்போம். படித்து முடிக்கும்போது "செய்யலாம்" என்ற முடிவுக்கு வந்தாலும் நல்லது, "இப்போது வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்தாலும் நல்லதுதான்.

காபி நம்மிடம் வந்த வழி

காபியைப் பானமாகக் குடிக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டில் பரவியது. இரவு வணக்கத்தில் விழித்திருக்க சூஃபிகள் அதைக் குடித்தார்கள். அங்குள்ள மோக்கா துறைமுகத்திலிருந்து பாபா புதன் என்ற பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நம் பழவேற்காட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு தூரத்து உறவு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான், 1699இல் மலபாரிலிருந்து காபிச் செடிகளை ஜாவா தீவுக்குக் கொண்டுபோய்ப் பெரிய அளவில் பயிரிட வைத்தது.

நம் காலத்துக்கு வருவோம். 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காபி வாரியம் செயல்பட்டு வந்தது. பல பத்தாண்டுகள், தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலை வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. 1990களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுவதும் நீங்கியது. இன்று ஏற்காட்டிலோ, கொடைக்கானல் கீழ்மலையிலோ இருக்கும் ஒரு சிறு தோட்டக்காரரிடம் நாம் நேரடியாக ஒரு மூட்டை பச்சைக் கொட்டை வாங்க முடிகிறது என்றால், காரணம் இந்த மாற்றம்தான்.

கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் சேலத்திலும் வறுத்து அரைத்துத் தரும் கடைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. வாடிக்கையாளர் நின்றுகொண்டு, "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி பத்து சதம்" என்று கேட்டு வாங்கிப் போவார். அந்தத் தொழிலின் பலம் மெஷினில் இல்லை. நேற்று கொடுத்த அதே ருசியை இன்றும் கொடுப்பதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்குப் போவோம்.

முதலில் கணக்கு

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதம் வரை ஈரம் இருக்கும். வறுக்கும்போது அந்த ஈரமும், இன்னும் கொஞ்சம் பொருளும் ஆவியாகவும் புகையாகவும் உமியாகவும் போய்விடும். இளவறுவலில் சுமார் 12, 13 சதமும், நடுத்தர வறுவலில் 15, 16 சதமும், கறுக்க வறுத்தால் 18 முதல் 20 சதமும் எடை குறையும். புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். ஒரு கிலோ பச்சைக் கொட்டை ஒரு கிலோ தூள் ஆகாது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இதில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. சந்தை விலை அடிக்கடி ஏறி இறங்கும். நீங்கள் போடும்போது அன்றைய விலையை வைத்துப் போடுங்கள்.

பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைப்போம். வறுத்த பிறகு 840 கிராம் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு கிலோ வறுத்த கொட்டையின் அடக்க விலை 500 அல்ல, 500ஐ 0.84 ஆல் வகுத்தால் வருவது 595 ரூபாய். இதோடு கேஸ், கரண்ட் 15, ஆள் கூலி 20, வண்டி வாடகை 10, பை 10, மெஷின் பராமரிப்பு 10 என்று 65 ரூபாய் சேர்த்தால் 660 ரூபாய். இதே தரத்தில் வறுத்த கொட்டை மொத்த வியாபாரியிடம் 760 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், நாமே வறுப்பதால் மிச்சம் கிலோவுக்கு 100 ரூபாய்.

இப்போது கடையின் ஓட்டத்தைப் பார்ப்போம். ஒரு கப் காபிக்குச் சுமார் 10 கிராம் தூள் ஆகும். ஒரு கிலோ தூளில் 100 கப். 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்ற கலவையில், 20 கிலோ வறுத்த கொட்டையோடு 5 கிலோ சிக்கரி சேர்ந்து 25 கிலோ தூள் ஆகும். அதாவது 2,500 கப். மாதத்துக்கு 20 கிலோ கொட்டை செலவாக வேண்டுமென்றால், நாள் ஒன்றுக்குச் சுமார் 83 கப் காபி விற்க வேண்டும். டீயே அதிகம் ஓடும் நம் பகுதியில் இது சின்ன எண் அல்ல.

அந்த 20 கிலோவில் மிச்சம் மாதம் 2,000 ரூபாய். வறுக்கும் மெஷின், அரைக்கும் மெஷின், புகைக்குழாய் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப 75 மாதம் ஆகும். ஆறு வருடத்துக்கும் மேல். அதே மெஷினில் மாதம் 100 கிலோ வறுத்தால் 15 மாதத்தில் பணம் திரும்பிவிடும்.

பாடத்தின் மையம் இதுதான். கப் காபி மட்டும் விற்கும் தனிக் கடைக்கு வறுக்கும் மெஷின் கட்டுப்படியாகாது. வீடுகளுக்கும், மற்ற டீக்கடைகளுக்கும், கல்யாண சமையல்காரர்களுக்கும் தூள் விற்கும் வழி இருந்தால்தான் கட்டும். "என்ன மெஷின் வாங்கலாம்" என்பது இரண்டாவது கேள்வி. "மாதம் எத்தனை கிலோ போகும்" என்பதே முதல் கேள்வி.

நம் பகுதியின் பருவங்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடலோரக் கடைகளில் கைப்பணம் குறையும். ரமலான் மாதத்தில் நம் மக்கள் இருக்கும் தெருக்களில் பகல் விற்பனை இருக்காது. தராவீஹ் தொழுகைக்குப் பிறகு இரவில் கூடும். இந்த மாதங்களில் கொட்டையை அதிகம் வறுத்து வைத்தால் அது பழசாகிப் போகும்.

பாடு முறையில் ஒரு மெஷின்

தனிக் கடைக்குக் கட்டாது என்றால் விட்டுவிட வேண்டியதுதானா? நம் ஏரியே ஒரு வழி சொல்லித் தருகிறது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை யாரும் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. முறை வைத்து, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று இறங்கும் வழக்கத்தைத்தான் பாடு என்கிறோம். காபி வறுப்பதற்கும் இதே முறை பொருந்தும்.

நான்கு கடைகள் சேரட்டும். ஒவ்வொருவரும் 37,500 ரூபாய் போட்டால் ஒன்றரை லட்சம். நான்கு கடைக்கும் சேர்த்து மாதம் 80 கிலோ. மிச்சம் 8,000 ரூபாய். சுமார் 19 மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஐந்து கிலோ மெஷினில் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வறுக்கலாம். ஒரு கடைக்கு வாரம் ஒரு காலைப் பொழுதே போதும்.

ஆனால் சேர்ந்து தொடங்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. யாருக்கு எந்த நாள்? மெஷின் யார் இடத்தில் இருக்கும், அதற்கு வாடகை உண்டா? கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணம் யார் கையில் இருக்கும்? ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிட்டுத் தருவது? உறவினர், நண்பர், ஒரே ஜமாஅத் என்ற நம்பிக்கையில் இவற்றை வாய்ப்பேச்சாக விட்டுவிடுகிறோம். பிறகு பணமும் போய், உறவும் முறிகிறது. எழுதி, சாட்சியோடு கையெழுத்துப் போடுவது நம்பிக்கைக் குறைவு அல்ல. அதுதான் நம்பிக்கையைக் காப்பாற்றும்.

பச்சைக் கொட்டை வாங்கும்போது

நம் நாட்டுக் காபியில் இரண்டு இனம் முக்கியம். அராபிகாவில் வாசனையும் மெல்லிய புளிப்பும் இருக்கும். ரொபஸ்டாவில் கசப்பும் அழுத்தமும் காஃபீனும் அதிகம். விலை பெரும்பாலும் குறைவு. சந்தையில் "பிளாண்டேஷன்" என்றால் பழத்தின் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா. "செர்ரி" என்றால் பழத்தோடு காயவைத்தது. "ஏ", "பி" என்பவை சல்லடையில் சலித்துப் பிரித்த அளவுகள். "பீபெரி" என்பது பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தது.

அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கும். ரொபஸ்டா ஜனவரிக்கு மேல் வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புதுக் கொட்டை கிடைக்கும். வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். கறுத்தவை, ஓட்டை விழுந்தவை, உடைந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். முகர்ந்தால் பச்சைப் புல், வைக்கோல் வாசம் வரலாம். பூஞ்சை வாடை, சாக்கு வாடை வரக் கூடாது. முதலில் 5 கிலோ மாதிரி, அது சரியென்றால் பிறகு ஒரு மூட்டை. எவ்வளவு நல்ல பேச்சுக்காரர் விற்றாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வறுக்கும்போது நடப்பது என்ன

மெஷினுக்குள் கொட்டை மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதலில் காய்தல். பச்சை நிறம் மங்கி மஞ்சளாகும். புல் வாசம் போய், ரொட்டி சுடும் வாசம் வரும். சிறிய டிரம் மெஷினில் இதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும்.

இரண்டாவது நிறம் மாறுதல். மஞ்சள் பழுப்பாகும், மேல் உமி கழன்று பறக்கும். கொட்டையின் சூடு 195 முதல் 205 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சோளம் பொரிவது போலச் சத்தம் கேட்கும். இதை முதல் வெடிப்பு என்பார்கள். உள்ளே இருந்த நீராவி கொட்டையை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது.

மூன்றாவது முதிர்தல். முதல் வெடிப்புக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் ருசி மாறும். 220 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய சடசடப்போடு இரண்டாவது வெடிப்பு தொடங்கி, மேலே எண்ணெய் மினுமினுக்கும். நம் ஊர் பில்டர் காபிக்கு இரண்டாவது வெடிப்பு தொடங்கும் இடத்தை ஒட்டி நிறுத்துவது வழக்கம். அதற்கு மேல் போனால் கரிக் கசப்புதான்.

நிறுத்தியதும் கொட்டையைக் கொட்டி, விசிறிக் காற்றில் நான்கைந்து நிமிடத்துக்குள் ஆற்றிவிட வேண்டும். டிரம்மை விட்டு வெளியே வந்தும் கொட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். ஆறவிடத் தாமதித்தால் நீங்கள் நினைத்த இடத்தில் அது நிற்காது.

பீபெரி உருண்டை, பிளாண்டேஷன் தட்டை, ரொபஸ்டா கெட்டி. மூன்றும் ஒரே வேகத்தில் சூடாகாது. தனித்தனியாக வறுத்துப் பிறகு கலப்பதே சரி.

மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் அங்குள்ள கோப்பியின் ருசியைக் கேட்பார்கள். அங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் வழக்கம் உண்டு. நம் மெஷினில் அதை முயன்றால் உருகிய சர்க்கரை டிரம்மில் ஒட்டிக் கருகும். அடுத்த வறுவலும் கெடும். அதற்குத் தனிச் சட்டி வேண்டும்.

சட்டியில் தொடங்குங்கள், ஏட்டில் எழுதுங்கள்

மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் இரும்புச் சட்டியில் பழகுங்கள். 200 கிராம் பச்சைக் கொட்டை, மிதமான தீ, கை ஓயாமல் கிளறல். வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நிறம் ஒன்று போல வராது. பரவாயில்லை. மஞ்சள் நிறம், ரொட்டி வாசம், முதல் வெடிப்பு, இரண்டாவது வெடிப்பு ஆகிய நான்கையும் கண்ணும் மூக்கும் காதும் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. முறையாகக் கற்க விரும்புவோருக்கு பெங்களூரில் உள்ள காபி வாரியம் "காபி சாஸ்திரா" என்ற பயிற்சியை நடத்துகிறது.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கொட்டையின் வகை, பச்சை எடை, மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு கேட்ட நேரம், இறக்கிய நேரம், வறுத்த எடை, எத்தனை சதம் குறைந்தது. எட்டே கட்டங்கள். இதில் கடைசிக் கட்டம்தான் ஏழைக் கடைக்காரரின் சோதனைக் கருவி. 1,000 கிராம் போட்டு 840 கிராம் வந்தால் 16 சதக் குறைவு. அடுத்த வாரம் அதே கொட்டையில் 19 சதம் குறைந்தால் கூடுதலாக வறுத்திருக்கிறீர்கள். ருசியும் மாறியிருக்கும், எடையும் போயிருக்கும். 80 கிலோவுக்கு அந்த 3 சதம் என்பது மாதம் இரண்டரைக் கிலோவுக்கு அருகில். அது அப்படியே நஷ்டம்.

நம் ஊர்க் காற்றுக்குத் தகுந்த பத்திரம்

மலையில் இருப்பவர்களுக்கு இல்லாத கவலை நமக்கு உண்டு. ஏரிக் காற்றும் கடல் காற்றும் ஈரமானவை. மங்களூர்ப் பக்கத்தில் பச்சைக் கொட்டையை வேண்டுமென்றே பருவமழைக் காற்றில் வைத்து, உப்பி வெளிறச் செய்து, "மான்சூன்டு மலபார்" என்று விற்கிறார்கள். அது கவனமாகச் செய்யும் தனித் தொழில். நம் கடை மூலையில் அதுவே கவனமின்றி நடந்தால் கிடைப்பது பூஞ்சை.

சாக்கு மூட்டையைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். மரப்பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தை எப்படி வெள்ளக்காடாக்கியது என்பதை மறந்திருக்க மாட்டோம். தாழ்வான கடைகளில் பலகை இன்னும் உயரமாக இருக்கட்டும். மழைக்காலத்துக்கு அதிக இருப்பு வேண்டாம்.

காபி மற்ற வாடைகளை உறிஞ்சும். கருவாடு, இறால் வைக்கும் கடையில் அதே அறையில் காபி வைத்தால் வாடிக்கையாளர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். மிளகாய் அரைக்கும் மில்லில் காபி அரைப்பதும் கூடாது. அரைப்பதற்குத் தனி மெஷின் வேண்டும். பில்டருக்கு அரைக்கும் பதம் மாவை விடக் கொரகொரப்பாக, ரவையை விட நைசாக இருக்கட்டும். மிக நைசானால் பில்டர் அடைத்துக்கொள்ளும். கரடானால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும்.

வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடு ஆறியவுடன் காற்றுப் புகாமல் அடைத்தால் பை உப்பிவிடும். ஒரு நாள் எவர்சில்வர் டப்பாவில் லேசாக மூடி வைத்துவிட்டுப் பிறகு பையில் அடையுங்கள். கொட்டையாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். தூளாக்கினால் சில நாட்களிலேயே வாசம் இறங்கிவிடும். எனவே வாரம் ஒருமுறை வறுங்கள், அன்றன்றைக்கு அரையுங்கள். கரிக்கும் நிலத்தடி நீரில் டிகாஷன் போட்டால் இத்தனை உழைப்பும் வீண். நல்ல குடிநீரே பயன்படுத்துங்கள்.

பரிசுப் பொட்டலங்களுக்கு நம் பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பெட்டிகளைப் பயன்படுத்தலாம். உள்ளே காற்றுப் புகாத பை, வெளியே ஓலைப் பெட்டி. ஒரு தொழில் இன்னொரு வீட்டு அடுப்பையும் எரிய வைக்கும்.

சிக்கரியும் நாணயமும்

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்துப் பொடித்தால் நிறமும் கெட்டித்தன்மையும் தரும். அதில் காஃபீன் கிடையாது. சேர்ப்பது தவறு அல்ல. பலருக்கு அந்த ருசிதான் பிடிக்கும். சொல்லாமல் சேர்ப்பதுதான் தவறு. சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை சதம், சிக்கரி எத்தனை சதம் என்று பையின் மேல் எழுத வேண்டும்.

சிக்கரி மலிவு. 80க்கு 20 என்று எழுதிவிட்டு 65க்கு 35 போட்டால் உடனே யாரும் கேட்கப் போவதில்லை. வறுத்த புளியங்கொட்டைப் பொடியைக் கலப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அளவையில் குறைக்காதே என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தராசுத் தட்டில் மட்டும் அல்ல, கலவையிலும் அது அளவைதான். வாடிக்கையாளரும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால், காபித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்தபடி சீக்கிரம் கீழே இறங்கும். இந்தச் சோதனையை நம் கடையிலேயே வைத்துக் காட்டலாம். அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

சிக்கரித்தூள் நம் காற்றில் சீக்கிரம் ஈரம் உறிஞ்சிக் கட்டியாகிவிடும். சிறு அளவில் வாங்கி, தூள் கட்டும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள்.

புகை, நெருப்பு, மூச்சு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பறக்கும் உமி மிக எளிதில் தீப்பிடிக்கும். உமித் தொட்டியை ஒவ்வொரு நாளும் காலி செய்ய வேண்டும். புகைக்குழாயை மாதம் ஒருமுறையாவது துலக்க வேண்டும். டிரம்முக்குள் தீப்பிடித்துவிட்டால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள். காற்று உள்ளே போனால் தீ கூடும். கேஸை மூடுங்கள், காற்று விசிறியை நிறுத்துங்கள், டிரம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நடுவில் கரண்ட் போனால் டிரம் நின்றுவிடும். கொட்டை ஒரே இடத்தில் கிடந்து கருகித் தீப்பிடிக்கலாம். மின்தடை நமக்குப் புதிது அல்ல. கையால் சுற்றும் வசதி உள்ள மெஷினாகப் பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர் கட்டாயம்.

வறுக்கும் புகையிலும், புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து வரும் வாயுவிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாடை கிடையாது, ஆளைக் கொல்லும். மூடிய அறையில் வறுக்கக் கூடாது. வறுத்த மூட்டைகள் இருக்கும் அறையில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது. கடையிலேயே தங்கும் பையன்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்குப் புகையால் தொல்லை வரக் கூடாது. குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கட்டும். நம் கரையில் பெரும்பாலும் அதிகாலைக் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் போகும். பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் வரும். அதிகாலையிலேயே வறுத்து முடித்தால் புகை ஊருக்குள் தங்காது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பள்ளிவாசல் ஒட்டிய இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

உரிமமும் முதலீடும்

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். விற்றுமுதலைப் பொறுத்து எது என்பது மாறும். நகராட்சி அல்லது ஊராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். தராசுக்கு அரசு முத்திரை இருக்க வேண்டும். பையின் மேல் நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, தயாரிப்பவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலீட்டுக்கு டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் திட்டங்களை விசாரிக்கலாம். வட்டியைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குப் பங்கு சேரும் பாடு முறையே பொருத்தம். எந்த வழியானாலும், பிள்ளைகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வைத்த பணத்தை இதில் தொடாதீர்கள்.

தொடங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இப்போது மாதம் எத்தனை கிலோ தூள் விற்கிறது? கடந்த மூன்று மாதத்தின் எழுத்துக் கணக்கு இருக்கிறதா?

2. மெஷின் இல்லாமலேயே, வெளியில் வறுத்த கொட்டையை வாங்கி, அன்றன்றைக்கு அரைத்து விற்றுப் பார்த்தோமா? அரைக்கும் மெஷினுக்கு ஆகும் செலவு குறைவு. வாடிக்கையாளர் வருவாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

3. சேர்ந்து செய்ய இன்னும் மூன்று கடைகள் உண்டா? எழுதிக் கையெழுத்துப் போட அவர்கள் தயாரா?

4. வறுக்கப் பழகியவர் ஒருவர்தானா? அவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் யார் வறுப்பது?

5. ஆறு மாதம் லாபமே வரவில்லை என்றால் குடும்பச் செலவு எதிலிருந்து நடக்கும்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் துணிந்து இறங்கலாம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லையென்றால், அரைக்கும் மெஷினோடு ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். கொட்டை எங்கும் போய்விடாது, மலையிலே விளைந்துகொண்டுதான் இருக்கும். போன பணம்தான் திரும்ப வருவது கஷ்டம்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோர் மூன்று மாத விற்பனைக் குறிப்போடு நம் அலுவலகத்துக்கு வரலாம். சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.